ரொசின் பெட்டிக்குள் மடு மண்

மேரிசாந்திக்கு வலக்கைப் பெருவிரல் மூட்டு விண்விண்ணென்று தெறித்தது. தடித்த துணிப் பட்டியில் கொக்கி தைப்பதென்றால் சும்மா இல்லை. ஊசியைத் தள்ளித் தள்ளி விரல்நுனி மரத்துப்போய், நோவு மணிக்கட்டுக்கு ஏறி, இப்போது முழங்கை வரைக்கும் வந்து குந்தியிருந்தது. ஒரு டுட்டுவுக்கு முதுகுப் பக்கம் மட்டும் பதினெட்டுக் கொக்கி. பலே ஆடுகிற பெட்டைகள் இடுப்பில் கட்டும், தட்டுப்போல விறைத்து நிற்கும் பாவாடைதான் டுட்டு. அப்படி இருபத்திநாலு பாவாடை. வியாழக்கிழமை இரவு லண்டன் தியேட்டரில் சீசனின் முதல் ஆட்டம். இன்றைக்குத் திங்கள்.

கைநோவை அவள் தாங்குவாள். ஊரில், பேசாலைக் கடற்கரையில், பன்னிரண்டு வயதிலிருந்து மீன் வெட்டிக் கருவாடு போட்ட கை அது. தாங்க ஏலாமல் இருந்தது பயம். சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மேடையில் ஒத்திகை நடந்தது. எலோயிஸ் என்கிற பெட்டைதான் இந்த சீசனின் முதல் ஆட்டக்காரி. அண்டர்கிரவுண்ட் ரெயில் படிக்கட்டுச் சுவரில் ஏறும்போதும் அவள் படம், இறங்கும்போதும் அவள் படம். ஒற்றைக்கால் பெருவிரல் நுனியில் நின்று சுழன்றுகொண்டிருந்தவள், ஆறாவது சுற்றோ ஏழாவது சுற்றோ, கால் வழுக்கி அப்படியே மடிந்து விழுந்தாள். மேடை ஓரத்தில் ஈரத்துணியோடு நின்ற மேரிசாந்திக்கு அந்தக் கணுக்கால் திரும்பிய விதம் கண்ணை மூடினாலும் தெரிந்தது. தசைநார் அறுந்துவிட்டதாம். ஆறு கிழமை கால் நிலத்தில் படக்கூடாதாம். சீசனோ ஐந்து கிழமை.

மேடை மனேச்சர் நிக்கோலா முழங்காலில் குந்தி, கறுப்புத் தரையை உள்ளங்கையால் தடவினாள். கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மணல்," என்றாள். "இந்தத் தரையைத் துடைத்தது யார்?"

துடைத்தது கிருஷ்ணராசா. பன்னிரண்டு வருசமாக அந்தத் தரையைத் துடைக்கிறவர். அங்கே எல்லாரும் அவரைக் கிறிஸ் என்பார்கள். பின்பக்க வாசலில் கட்டிட வேலை நடக்கிறது, அங்கேயிருந்து மண்பட்ட வாளியைக் கொண்டுவந்துதான் துடைத்திருக்க வேண்டும் என்று நிக்கோலா ஒரு கணக்குப் போட்டாள். புதன்கிழமை விசாரணை, அதுவரை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டாள். மனுசன் வாளியையும் துடைப்பத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த மண் எங்கேயிருந்து வந்ததென்று தெரிந்த ஒரே ஆள் மேரிசாந்தி. போட்டது அவள்.

மேடையின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று இரண்டு மரப்பெட்டி இருக்கும். தாழ்ந்த, மூடியில்லாத பெட்டி. அதற்குள் ரொசின். பார்த்தால் எங்கள் ஊர்க் குங்கிலியக் கட்டி மாதிரியே இருக்கும். ஆடப்போகிறவர்கள் அதில் ஏறிச் சப்பாத்தால் நொறுக்கி மாவாக்கி அடியில் பூசிக்கொண்டு போவார்கள். பூசினால் தரையில் கால் பிடிக்கும்.

போன சீசனில் மூன்று பேர் விழுந்தார்கள். ஒருத்தி துணியறைக்குள் வந்து, மேரிசாந்தியின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். அந்தப் பிள்ளைகளின் காலுறையைக் கையால் தோய்க்கிறவள் அவள்தானே. பெருவிரல் இருக்கும் இடத்தில் எப்போதும் இரத்தக்கறை. பச்சைத் தண்ணியில் ஊறப்போட்டு, உப்புப் போட்டுக் கசக்கினால்தான் போகும். ஆட்டம் பாதியில் நின்றால் சீசனுக்கு மட்டும் எடுத்த ஆட்களுக்கும் வேலை அதோடு சரி. அவளும் சீசன் ஆள், கிருஷ்ணராசாவும் சீசன் ஆள்.

ஆவணித் திருநாளுக்கு ஊருக்குப் போன மச்சாள் மடு மாதா கோயிலிலிருந்து ஒரு பை மண் கொண்டுவந்து தந்தாள். பேசாலையில் புது வள்ளம் இறக்கினால் முன் அணியத்தில் ஒரு பிடி மடு மண் முடிந்து கட்டாமல் கடலில் விடமாட்டார்கள். புது சீசனும் அப்படி ஒன்றுதானே என்று அவள் நினைத்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் உடுப்பு எடுக்க மேடைக்குப் போன சாட்டில், ஒரு சுண்டுப் பேணி மண்ணை இரண்டாகப் பிரித்து, இரண்டு பெட்டியிலும் அடியில் பரவி, மேலே ரொசினை இழுத்து மூடினாள். ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொன்னாள். மிதிக்க மிதிக்க அடியில் கிடக்கிறது மேலே வரும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அந்த மண்ணைச் சனம் நெற்றியில் பூசும், பாம்பு அண்டாமல் வீட்டைச் சுற்றித் தூவும். காலால் மிதிக்கப் போட்டவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்பதும் எலோயிஸ் விழுந்த பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை எலோயிஸ் விழுந்த கையோடு மேடையைப் பூட்டிவிட்டார்கள். ஞாயிறு தியேட்டர் அடைப்பு. மண் இன்னும் இரண்டு பெட்டிக்குள்ளும் கிடந்தது. ஒருத்தரும் பெட்டியை நினைக்கவில்லை. இன்றைக்கு இரண்டு மணிக்கு மறுபடி ஒத்திகை. எலோயிஸின் இடத்தில் மேகன் ஆடப்போகிறாள். பத்தொன்பது வயது.

பன்னிரண்டரைக்கு மேரிசாந்தி துணியறைக் கதவைச் சாத்திவிட்டு டூட்டிங்கில் இருக்கும் கிருஷ்ணராசாவுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நான் சாந்தி. ரொசின் எங்க வைக்கிறனீங்கள்?"

"உனக்கென்னத்துக்கடி ரொசின்? கொக்கி தைக்கிறதை விட்டிட்டு ஆடப் போறியோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. இஞ்ச பெட்டியில குறைஞ்சு கிடக்கு, ஆளில்லை."

"வெள்ளிக்கிழமை காலமைதானே நிரப்பினனான். ரெண்டு பெட்டியையும் கொட்டித் துடைச்சுப்போட்டெல்லோ போட்டனான்." கொஞ்சம் யோசித்தார். "சரி, இடப்பக்கம் இரும்பு அலுமாரி. திறப்பு அலுமாரிக்கு மேல, பழைய தேயிலை ரின்னுக்க."

"நீங்கள் என்ன செய்யிறியள்?"

"என்னத்தைச் செய்யிறது. மனிசி குசினி நிலத்தைத் துடைக்கச் சொன்னா. நான் துடைச்சா மண் விழும், லண்டன் முழுக்கத் தெரியும் எண்டன். வாயை மூடிப்போட்டா."

அவர் சிரித்தார். மேரிசாந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

"புதன் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கினம்," என்றார். "பிழையை ஒத்துக்கொண்டால் நல்ல வேலைக்காரன் எண்டு கடிதம் ஒண்டு தந்து அனுப்புவினமாம். அறுபத்திரண்டு வயசுக்கு கடிதத்தை வைச்சு ஆர் வேலை தரப்போறான்?"

"நீங்கள் பிழை விடேல்லையே அண்ணை."

"தண்ணி மூண்டு தரம் மாத்தித்தான் துடைக்கிறனான். ஆனா மண் கிடந்தது மெய்தானே சாந்தி. வேற எங்கயால வந்தது? ரெண்டு நாளா இதைத்தான் யோசிக்கிறன். யோசிக்க யோசிக்க எனக்கே என்னில நம்பிக்கையில்லை. வாளியைக் கழுவினனானோ எண்டு நித்திரையில எழும்பி இருக்கிறன்."

"அண்ணை, நான் ஒண்டு—" என்று தொடங்கினாள். கதவு திறந்தது. துணியறைப் பொறுப்புக்காரி கையில் இரண்டு டுட்டுவோடு உள்ளே வந்தாள். மேரிசாந்தி போனை வெட்டினாள்.

ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். துணியறை காலியாக ஒன்றரை ஆயிற்று, உடுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் மேடைக்கு இறங்கினாள். வண்டிக்குள் உடுப்புக்குக் கீழே ஒரு தடித்த பிளாஸ்டிக் பை.

இடப்பக்கப் பெட்டியைச் சரித்து அந்தப் பைக்குள் கொட்டினாள். வெள்ளை மாவுக்குள் சிவப்பாய் மண் ஓடிக் கிடந்தது. அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது. குந்தியிருந்து தன் பாவாடை விளிம்பால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மாதாவே மன்னியும், மாதாவே மன்னியும் என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் மூலையெல்லாம் துடைத்தாள். இரும்பு அலுமாரியைத் திறந்து புது ரொசின் எடுத்துக் கொட்டினாள். நிமிர்ந்தபோது மேடை விளக்கு எல்லாம் பற்றியது.

"மேடையில் ஆட்கள் நிற்க வேண்டாம். திரை இறங்குகிறது," என்று ஒலிபெருக்கியில் நிக்கோலாவின் குரல்.

வண்டியைப் போட்டது போட்டபடி விட்டாள். குறுக்கே போக ஏலாது. பின்பக்கப் பாதையில் லொறியிலிருந்து காட்சிப் பலகை இறக்கிக் கொண்டிருந்தார்கள். இனி நிலவறைக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறவேண்டும். ஐம்பத்தாறு படி. போன வருசம் ஊசி போட்ட முழங்காலோடு அவள் ஓடினாள். நிலவறையில் ஆர்கெஸ்ட்ரா ஆட்களின் பெட்டிகள் வழிமறித்தன. ஒன்றில் கணைக்கால் எலும்பு அடிபட்டது. அந்தப் பக்கப் படியில் ஏறும்போது மூச்சு விசில் அடித்தது.

மேலே வந்தால், வலப்பக்கப் பெட்டிக்குள் மேகன் நிற்கிறாள்.

நறுக், நறுக், நறுக். ஒரு கால் மாற்றி ஒரு கால். கட்டி நொறுங்கும் சத்தம். ஆள் நேரத்தோடேயே வந்துவிட்டாள், பயத்தில். முகம் வெளுத்துப்போய்க் கிடந்தது. மேரிசாந்தியைக் கண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். பேச அவளுக்கும் மூச்சில்லை, இவளுக்கும் மூச்சில்லை.

பியானோ தொடங்கியது. பெட்டியை விட்டு மேகன் மேடைக்கு நடந்தாள்.

இப்போது வாயைத் திறந்தால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போட்டது நீயா என்பார்கள். என்ன சொல்வது? ஆசீர்வதித்த மண் என்று தன் இங்கிலிசில் சொன்னால் சூனியம் என்றுதான் அவர்கள் காதில் விழும். வேண்டுமென்றே ஒருத்தியின் காலை உடைத்தவள் என்பார்கள். பொலிஸ் வரும். எலோயிஸின் ஆட்கள் வழக்குப் போடுவார்கள். வால்தம்ஸ்டோ வீட்டு வாடகைக்கும் புருசனின் மருந்துக்கும் இந்த வேலைதான்.

மேகன் ஒரு கையை நீட்டி, பெருவிரல் நுனியில் எழும்பினாள்.

"நில்லு பிள்ளை!"

தமிழில்தான் வந்தது. அவ்வளவு பெரிய சத்தம் தன்னிடம் இருக்கிறதென்று மேரிசாந்திக்கே தெரியாது. கடற்கரையில் கூப்பிடுகிற சத்தம். பியானோ நின்றது. மேகன் நின்றாள். முப்பது நாற்பது தலை அவள் பக்கம் திரும்பியது.

"மணல்," என்றாள் இங்கிலிசில். "பெட்டிக்குள் மணல்."

நிக்கோலா வந்தாள். பெட்டிக்குள் விரலை விட்டுக் கிளறினாள். கையில் அள்ளி ஊதினாள். வெள்ளை மாவு பறந்தது, சிவப்புக் குறுணி தங்கியது. அவள் முகம் சிவந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

மேரிசாந்தியின் வாய்க்குள் உண்மை ஒன்று இருந்தது. வெளியே வந்தது வேறு.

"கண்டேன். இப்போதுதான் கண்டேன்."

"இந்தப் பிள்ளையின் காலைக் காப்பாற்றியிருக்கிறாய்." நிக்கோலா மற்றவர்களைப் பார்த்தாள். "இந்தப் பெட்டியை நிரப்புகிறது யார்?"

மேடை வேலைக்காரன் ஒருவன் சொன்னான், "கிறிஸ். வெள்ளிக்கிழமை காலமையில்."

ஓடிப்போய் மற்றப் பெட்டியையும் பார்த்தார்கள். அது சுத்தமாக இருந்தது. இருக்கும்தானே. அரை மணித்தியாலத்துக்கு முன்தான் அவள் துடைத்து வைத்தது.

"ஒன்றைப் பார்த்து நிரப்பியிருக்கிறான், மற்றதை ஏனோதானோ என்று விட்டிருக்கிறான்," என்றாள் நிக்கோலா. "காரணம் வாளிகூட இல்லை. இதுதான்."

சொல்ல இடமிருந்தது. மேரிசாந்தி கணக்குப் பார்த்தாள், பத்து விநாடியாவது இடமிருந்தது. அதற்குள் மேகன் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். எலும்பும் வேர்வையுமாய் இருந்தது அந்தப் பிள்ளையின் உடம்பு. இருதயம் முயல் மாதிரி அடித்தது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். மேரிசாந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடக்கமானவள் என்று நினைத்திருப்பார்கள்.

பின்னேரம் உடுப்பு வண்டிக்குள் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து விக்டோரியா லைனில் கொண்டுபோனாள். குப்பையில் போட ஏலாது, மாதாவின் மண். வைத்திருக்கவும் ஏலாது. யாராவது கைப்பையைத் திற என்றால் என்ன செய்வது என்று வால்தம்ஸ்டோ வரைக்கும் எதிரே இருந்தவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். செபமாலை எடுத்தாள், விரல் அதன் மூன்றாவது மணிக்கு மேல் ஓடவில்லை.

புருசன் பெனடிக்ற் கட்டிலில் இருந்தபடி கேட்டார், "என்னப்பா, காய்ச்சலோ?"

"கை நோகுது."

"எண்ணெய் பூசன்."

"ஓம்," என்றாள். பூசவில்லை.

செவ்வாய்க்கிழமை துணியறைப் பொறுப்புக்காரி ஒரு சொக்லேட் பெட்டி கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேலிடத்தில் பேசிவிட்டாளாம். வசந்த சீசனுக்கும் மேரிசாந்திதானாம். கண் உள்ளவள் ஒருத்தி இருப்பது நல்லதாம். மேரிசாந்தி நன்றி சொன்னாள். பெட்டியைத் திறக்காமல் ஊசியை எடுத்துக்கொண்டாள். இன்னும் ஒன்பது டுட்டு கிடந்தது.

மத்தியானம் கிருஷ்ணராசாவே போன் எடுத்தார்.

"சாந்தி, சாப்பிட்டியோ?"

"ஓமண்ணை." பொய்.

"ஈமெயில் வந்தது. மகள் வாசிச்சுச் சொன்னவள். மண் தரையில இல்லையாம், பெட்டியுக்கையாம். எல்லாம் நான்தானாம். நான் நிக்கோலாவுக்குப் போன் எடுத்து ஒண்டே ஒண்டு கேட்டனான், மண் என்ன நிறம் எண்டு. அவவுக்கு எரிச்சல். மண்ணுக்கு என்ன நிறம் வேணும் எண்டா. பேந்து சொன்னா, சிவப்பாம்."

ஊசி மேரிசாந்தியின் விரலில் ஏறியிருந்தது. அதை இழுக்கவும் இல்லை.

"அங்கத்தைக் கட்டிடக்காரன்ர மண் மஞ்சள். நான் தினமும் பாக்கிற மண். சிவப்பு மண் பின்வாசலில எங்க?" அவர் மூச்சை விட்டார். "எங்கட சாமித்தட்டில ஒரு காகிதச் சரை மடு மண் கிடக்கு. புரட்டாதியில நீ தந்தது. முருகனுக்குப் பக்கத்தில மாதாவும் இருக்கட்டும் எண்டு வைச்சனான். இப்பதான் எடுத்துப் பிரிச்சுப் பாத்தன்."

"அண்ணை…"

"ஏனடி போட்டனி?"

"ஒருத்தரும் விழக்கூடாதெண்டு அண்ணை."

போனில் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம்.

"மடு மண் பாம்புக்கெல்லோ, விசரி. அங்க எங்கயடி பாம்பு?"

அவள் அழுதாள். கண்ணீர் டுட்டுவில் விழாமல் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் சொல்லுறன் அண்ணை. நாளைக்கு வந்து சொல்லுறன். மாதாவாணை சொல்லுறன்."

"மாதாவை இழுக்காத, அவ பாவம், ஏற்கெனவே மிதிபட்டவ. நான் உன்னைச் சொல்லு எண்டு கேக்கேல்ல. உன்ர பேரை நானும் சொல்லமாட்டன். சொன்னாலும் நம்பாயினம், வேலைக்குப் பயந்து ஒரு பொம்பிளையைக் காட்டிக் குடுக்கிறான் எண்டுவினம்." குரல் இறங்கியது. "ஒண்டு மட்டும் நல்லதாப் போச்சு. நான் வாளியைக் கழுவினனான்தான். ராத்திரி நித்திரை கொள்ளுவன்."

புதன்கிழமை பத்துக்குப் பத்து நிமிசம் இருக்க மேரிசாந்தி மூன்றாம் மாடிக்குப் போனாள். அலுவலக நடைபாதையில் சாம்பல் நிறக் கம்பளம். சுவரில் புது சீசனின் சுவரொட்டி. எலோயிஸின் படத்தை எடுத்துவிட்டு மேகனை ஒட்டியிருந்தார்கள். ஈரம் காயவில்லை. விளிம்பில் பசை வழிந்திருந்தது.

கையில் கடைசி டுட்டு. யாராவது ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் காட்ட. சொல்லவேண்டியதை வீட்டிலிருந்து இங்கிலிசில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ரெயினில் அது ஒழுங்காக இருந்தது. மின்தூக்கிக்குள் பாதி போனது. இப்போது முதல் சொல்லையே தேடிக்கொண்டு நின்றாள்.

கிருஷ்ணராசா வந்தார். நீல வரிச் சேட்டு, மடிப்புக் குலையாமல். தலை படிய வாரியிருந்தார். பன்னிரண்டு வருசத்தில் துடைப்பம் இல்லாமல் அவரை இந்தக் கட்டிடத்துக்குள் அவள் கண்டதில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டியிருந்தார்.

அவளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது மனுசனுக்கு. சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அந்த மலர்ச்சியைப் பார்க்கத்தான் அவளால் ஏலவில்லை.

"வந்திட்டியோ," என்றார் மெதுவாக. "நடுங்காத. கடிக்கமாட்டினம்."

கதவு திறந்தது. நிக்கோலா தலையை நீட்டினாள். "கிறிஸ், உள்ளே வாருங்கள்." பிறகு மேரிசாந்தியைக் கண்டாள். "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?"

கிருஷ்ணராசா கதவில் கை வைத்தபடி நின்றார். திரும்பிப் பார்த்தார். நிக்கோலாவும் பார்த்தாள். உள்ளே மேசைக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள், தாளின் மேல் பேனை.

மேரிசாந்தி வாயைத் திறந்தாள்.

"கொக்கி," என்றாள். "மேகனுக்குக் கொக்கி பார்க்கவேண்டும்."

"மேகன் இரண்டாம் மாடியில்," என்றாள் நிக்கோலா.

கிருஷ்ணராசா சேட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்துப்பட்டது.

மேரிசாந்தி அங்கேயே நின்றாள். உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கதவுக்கும் அவளுக்கும் இடையில் நாலு எட்டு. டுட்டுவின் பட்டியை அவள் பிடித்த பிடியில், நோகிற பெருவிரலுக்குள் ஒரு கொக்கி இறங்கியிருந்தது.

கிருஷ்ணராசாவுக்கு அவள் கொடுக்கவேண்டியது ஒரு வசனம்: அந்த மண்ணைப் போட்டது நான். அது இன்னும் கொடுபடவில்லை.